கிட்ட இழுத்த கதிரை

25.09.2007, செவ்வாய்

இன்று காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரைக்குள் என் மகன் பதினொரு தடவை மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்தான். பதினொரு தடவையும் அழுதேன். உண்மையான மகன் சிவபாலன் அந்த நேரம் ரொறொன்ரோவில் நல்ல நித்திரை.

டொக்டராகப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கெட்ட செய்தி சொல்லப் பழக்குகிறார்கள். அதற்கு ஒரு தகப்பன் வேண்டும், தமிழில் அழத் தெரிந்தவனாக. காணிப்பதிவுக் கந்தோர் நாடகத்தில் மூன்று வருடம் ராசா வேஷம் கட்டினவன் என்று சொன்னதும் பொறுப்பாக இருக்கும் டொக்டர் ரபீக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். உண்மையில் மந்திரி வேஷம்தான். அதை ஆர் போய் விசாரிக்கப்போகினம்?

முதல் எழுதின தாளில் மகன் குண்டுவெடிப்பில் சாவதாக இருந்ததாம். மேலே யாரோ பயந்து மோட்டார் சைக்கிள் ஆக்கிவிட்டார்கள். இந்த நாட்டில் இப்போது ஒரு தமிழ்ப் பெடியன் மோட்டார் சைக்கிளில் அடிபட்டுச் செத்தால் கொடுத்துவைத்தவன்.

ஒவ்வொருவருக்கும் பத்துக்குப் புள்ளி போடுவது நான். கதிரையைக் கிட்ட இழுத்து உட்கார்ந்தாரா? உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் கேட்டாரா? சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தாரா? ஒரு பிள்ளை வாய் திறக்க முதலே கண் துடைக்கத் தாள் நீட்டினாள். இன்னொருவன், மாத்தறைப் பெடியன், பாவம், தமிழை மனப்பாடம் செய்து வந்து மகன் செத்ததை ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கடைசியில் "உங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி" என்றான். ஆறு போட்டேன். நாற்பது வருடம் கொழும்பில் இருந்தும் என் சிங்களம் அதைவிட மோசம்.

மிக மோசம் கொட்டாஞ்சேனைப் பெடியன் செபஸ்தியன். வந்தான், இருந்தான், "அங்கிள், உங்கட மகன் செத்துப்போயிட்டார்" என்றான். அவ்வளவுதான். மிச்ச நேரம் முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான். நான் நடிக்க அவன் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. மூன்று.

26.09.2007, புதன்

மனுசி அன்னபாக்கியம் சொல்கிறாள், நான் அழுவது தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுபவன் மாதிரி இருக்கிறதாம். வீட்டில் டொக்டராக நின்று என்னைப் பழக்கினதே அவள்தான், கையில் அகப்பையோடு. புள்ளித் தாள் முழுக்க அவளுக்கு மனப்பாடம்.

04.10.2007, வியாழன்

ஹெவ்லொக் டவுனில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பைக்குள் நடிப்புத் தாள். ஆமிக்காரப் பெடியனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, இலக்கம் தெரியும். 9.00, 9.10, 9.12. வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டான். அவன் உரத்து மொழிபெயர்த்தான்: "வயது இருபத்திநாலு. மணி அடித்ததும் அடுத்த ஆள் வருவார். எல்லாம் முடிந்தபின் சத்தமில்லாமல் பின்கதவால் வெளியேறவும்."

என் பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

நோயாளி மாதிரி நடிப்பவன் என்று சிங்களத்தில் விளக்கினேன். நோயோ, வருத்தமோ என்று கேட்டான். இல்லை. அப்ப ஏன் டொக்டரிடம்? டொக்டருக்குத்தான் படிப்பிக்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை போய்விட்டது. ரபீக்கா தந்த ஆங்கிலக் கடிதம் பையின் அடியில் அகப்படும்வரை இருபத்தைந்து நிமிடம் வெயிலில் நின்றேன். விடும்போது அந்தப் பெடியன் மெதுவாக, நின்று நின்று முழங்கால் நோகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டான். "ஒரு கதிரை கேளும், தம்பி" என்றேன்.

17.10.2007, புதன்

அன்னம் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டே சொல்கிறாள்: "இடப்பக்க மார்பில ஒரு கட்டி இருக்குது. ஆடி மாசம் துவங்கினது."

"ஆடியோ! ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்லயே."

என் நடிப்புத் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது: கேட்டால் மட்டும் சொல்லவும்.

29.10.2007, திங்கள்

சோதித்த முடிவு வந்தது. அன்னம் மருந்து வரிசையில் நின்றாள். சர்ஜன் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

அப்பவே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

புற்றுநோய். நவம்பர் 12 ஓபரேஷன். பிந்தினால் பரவலாம். அவளுக்குச் சொல்லாதேங்கோ டொக்டர், தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். எங்கள் ஆட்களில் ஆர்தான் வருத்தக்காரருக்குச் சொல்கிறது? அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சரி, நீங்களே சொல்லுங்கள். தெரியாமல் அவர் கையெழுத்து வைக்க முடியாது."

முப்பது பேருக்குப் புள்ளி போட்டவன் அல்லவா நான்!

31.10.2007, புதன்

சொன்னேன். நீர்க்கட்டி என்று சொன்னேன். அடப் பாவி நாகேந்திரம், வாய் அங்கேதான் போனது. சும்மா நீர்க்கட்டி, ஒரு சின்னக் கீறல், பயப்பட ஒன்றுமில்லை.

"அப்ப கந்தசட்டி முடியட்டும்" என்றாள். "பத்தாந்திகதி விரதம் துவங்குது. முப்பத்தொரு வருசமா விடேல்ல. தைப்பொங்கலுக்குப் பிறகு வெட்டுவம்."

06.11.2007, செவ்வாய்

ஆறு நாளாகக் கெஞ்சுகிறேன். "அவசரமில்லை எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்" என்கிறாள். ஓம், நான்தான். இப்ப என்ன செய்ய? உண்மையைச் சொன்னால் உடைஞ்சுபோவாள். சொல்லாட்டி — செத்துப்போவாளடா, விசரா. என்னுடைய பயத்துக்கு அவள் பேரை வைத்துக்கொண்டு திரிகிறேன். பத்துக்குப் பூச்சியம்.

09.11.2007, வெள்ளி

நேற்றுத் தீபாவளி. இன்று தேத்தண்ணி குடித்து முடிய, அன்னம் டிவியை நிறுத்தினாள். கதிரையை என் முழங்காலில் முட்டுமட்டும் இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இந்தக் கட்டியைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?"

நான் டிவி ரிமோட்டைத் தேடினேன்.

"அது நீர்க்கட்டி இல்லை. புற்றுநோய்" என்றாள். பிறகு பேசாமல் இருந்தாள், தாளில் உள்ளபடியே. பழகின அழுகை ஒன்றும் உதவிக்கு வரவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது. உண்மையாகவே தடிமன் பிடித்தவன் மாதிரித்தான் அழுகிறேன் போலிருக்கிறது.

புதன்கிழமை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். "முப்பத்திநாலு வருசத்தில ஒருநாளாவது கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டிருக்கிறீங்களோ? அண்டைக்கு இழுத்துப் போட்டிட்டு நீர்க்கட்டி எண்டு சொன்னால் நான் நம்புவனோ?"

சர்ஜனுக்குத் தமிழ் தெரியாது. அங்கே பயிற்சிக்கு நின்ற பெடியனை மொழிபெயர்க்கக் கூப்பிட்டாராம்.

"நேராச் சொன்னவன். பிறகு கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவன். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. செபஸ்தியனாம் பேர். உங்களைத் தெரியுமாம். அவனுக்கு எத்தினை போட்டனீங்கள்?"

"மூண்டு."

"விசர் மனுசன்."

ஞாயிற்றுக்கிழமை வார்ட்டில் சேர்கிறாள். முருகனிடம் நேரே கதைத்துவிட்டாளாம்: இந்த வருடம் அவளுக்குப் பதிலாக நான் விரதம். பாலும் பழமும், ஒரு நேரம். நான்! காலைச் சாப்பாடு பத்து நிமிடம் பிந்தினால் தலை சுற்றுகிற நான்!

மதியம் ரபீக்காவுக்குக் கடிதம் எழுதிப் போட்டேன், செபஸ்தியனின் புள்ளியைத் திருத்தச் சொல்லி.

12.11.2007, திங்கள்

விரதம் மூன்றாம் நாள். காலை எட்டு மணிக்கு அன்னத்தை உள்ளே கொண்டுபோனார்கள். பத்தரை ஆகியும் ஒரு சத்தமில்லை. வெளியே எனக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்கதிரை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்ஜன் வந்து இதை இழுக்கக்கூடாது, முருகா, இழுக்கக்கூடாது.

பதினொன்றரைக்குச் சர்ஜன் கதவைத் திறந்தார். ஒரு கை கதவில், மற்றக் கையில் கைபேசி. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நின்றபடியே இரண்டு வசனம்: முழுக்க எடுத்தாயிற்று, பரவினதாகத் தெரியவில்லை. மிச்சம் பிறகு கதைப்போம் என்று போய்விட்டார். கதிரையை இழுக்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, எவ்வளவு தெரியும் என்று கேட்கவில்லை. என் தாளில் ஒரு புள்ளியும் கிடைக்காது. ஓடிப்போய் அந்த மனிதரின் காலில் விழவேண்டும் போலிருந்தது.

அங்கே பயிற்சிக்கு நிற்கும் செபஸ்தியன் என்னை இருத்தி, தேத்தண்ணியும் ஏதோ ஒன்றும் கையில் தந்தான். நான் பார்க்கவில்லை. அழுதுகொண்டு தின்றேன். கடைசிக் கடியில்தான் தெரிந்தது, மாலு பணிஸ். கந்தசட்டியில், மீன்!

பின்னேரம் அன்னம் கண் திறந்தாள். பணிஸ் தின்றதை மறைக்கலாமோ என்று ஒரு கணம் யோசித்தேன். மறைத்தவரைக்கும் போதும். கதிரையை அவளுடைய கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

அவள் கதிரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஐயோ," என்றாள், "என்னத்தைத் திண்டு துலைச்சீங்கள்?"