சின்னேவின் தொண்டையும் நான் தின்ற சீஸும்

ஸ்குல்விக்
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகள் சின்னேவுக்கு அப்பா ஹால்ஸ்டைன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கையும் காலுமாக நன்றாக இருக்கிறோம், பனி எங்களைவிட நன்றாக இருக்கிறது, வாசற்கதவு பாதி வரை வந்து நிற்கிறது. ஓஸ்லோவில் உன் உடம்பு எப்படி, பூனை எப்படி என்று கேட்டால் நீ வாயைத் திறந்து பதில் சொல்லக் கூடாது, டாக்டர் உத்தரவு, அதனால் நல்லபடியாகத்தான் இருப்பாய் என்று நானே கேட்டு நானே சொல்லிக்கொள்கிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் முழுக்க உன் போனில் என் பேர் விழுந்துகொண்டே இருந்ததே, பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்ததில் தானாகப் போயிருக்கும் என்று உன் அம்மா செய்தி அனுப்பினாளே, அது தானாகப் போகவில்லை, நான்தான் கூப்பிட்டேன். நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன். எடுக்காவிட்டால் நீ பதிவு பண்ணி வைத்திருக்கிற குரல் வருமே, சின்னே பேசறேன், இப்ப எடுக்க முடியல, சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க, அப்புறம் பாதிச் சிரிப்பு, பின்னால் எவனோ எதையோ போட்டு உடைக்கிறான், அதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். உன் பாட்டெல்லாம் வீட்டில் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் அதில் நீ உன் குரலையே ஏழெட்டுப் பெண்களாகப் பெருக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறாய், இந்தக் கூட்டத்தில் என் பெண் எவள் என்று நான் தேட வேண்டியிருக்கிறது. போனில் இருப்பதுதான் அசல் நீ. தயவுசெய்து அதை அழித்துவிடாதே.

செய்தி அனுப்பாமல் ஏன் காகிதத்தை எடுத்தேன் என்றால் அந்தப் பொத்தான்களில் என் கட்டைவிரல் ஒரே நேரத்தில் மூன்று எழுத்தை அமுக்குகிறது. இன்னொன்று, நீ பிறந்ததிலிருந்து இன்றைக்கு வரை நான் பேசி நீ குறுக்கே பேசாமல் கேட்டது கிடையாது, இப்படி ஒரு வாய்ப்பை விடுவேனா. நீ வரைந்து அனுப்பின படம் குழாயில் சுருண்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் அம்மா அன்றைக்கே சட்டம் போட்டு சோபாவுக்கு மேல் மாட்டிவிட்டாள். மரச்சட்டங்களில் காயும் காட் மீன் தலைகளைத்தான் வரைந்திருக்கிறாய், நான் வருஷா வருஷம் கட்டித் தொங்கவிடுகிற அதே தலைகள், ஆனால் நீ அதை மாதா கோயில் பாடகர்கள் மாதிரி வரிசை வரிசையாக நிறுத்தி எல்லார் வாயையும் திறந்து வைத்திருக்கிறாய். இத்தனை வாய், ஒரு சத்தம் இல்லை. ஜனவரிக் கடலில் இடுப்பளவு தண்ணீர் படகுக்குள் ஏறினபோது பயப்படாதவன் காபி குடிக்க சோபாவில் உட்கார முடியாமல் எழுந்து போனேன். மறுநாள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன், உன் அம்மா நிமிர்த்தினாள், நான் திருப்பினேன், இப்போது அவள் சோபாவில் இருக்கும்போது நேராகவும் நான் இருக்கும்போது முதுகைக் காட்டியும் இருக்கிறது. கடைக்கார யோருன் வந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு ஹால்ஸ்டைன், ஆனா மீன் தலைக்கு எதுக்கு ஊதாக் கலரு என்று கேட்டாள். மறுநாள் கடையில் பால் வாங்கும்போது என் தோளைத் தட்டி, கவலைப்படாதே, குரல் போனாலும் அவளுக்குத்தான் வரையத் தெரியுமே என்றாள். ஆறுதல்தான் சொல்கிறாள், தெரியும். ஒரு கண் போனால் என்ன, இன்னொன்று இருக்கிறதே என்று சொல்வது மாதிரி எனக்குக் கேட்டது. வாங்கின பாலை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சின்னே, எனக்கு பயமாக இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குரல் நரம்பில் அரிசி அளவு கட்டி, அறுத்து எடுத்தால் குரல் பெரும்பாலும் பழையபடி வரும், வராமலும் போகலாம், அறுக்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்துத் தேய்ந்துபோகும், டாக்டர் இப்படிச் சொல்கிறார், நீ என்ன சொல்றே அப்பா என்று நீ எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்தில் ஜன்னலை மட்டுமே படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது. நான் வாழ்நாளெல்லாம் செய்தது தொண்டையில் கத்தி வைக்கிற வேலை. கை ஒரு நூல் தப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நன்றாகத் தூங்குவேன். உன் செய்தி வந்த மறுநாள் படகில் முதல் மீனை எடுத்துப் பிடித்தேன், கத்தி இறங்கவில்லை, அப்படியே நின்றேன். உன் ஓட்டார் பெரியப்பா சுக்கான் பக்கத்திலிருந்து, என்னடா, மீனுக்குப் பேர் வெச்சு ஞானஸ்நானம் குடுத்துட்டுத்தான் வெட்டுவியா என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கத்தியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கு முழுக்கக் கயிறுதான் சுற்றினேன்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, சொன்னால் நீ சிரிப்பாய், சிரிக்கக் கூடாது, தொண்டை. உன் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்களே அந்தக் காலையில் நான் படகில் ரொட்டி டப்பாவைத் திறக்கிறேன், உள்ளே பழுப்பு ஆட்டு சீஸ். படகில் சீட்டி அடிக்க மாட்டோம், குதிரை என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டோம், பழுப்பு சீஸை ஏற்றவே மாட்டோம், எல்லாம் அபசகுனம், இது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், என் அப்பா காலத்திலிருந்து தெரியும். அவசரத்தில் உன் அம்மாவின் டப்பாவை எடுத்து வந்துவிட்டேன். அதோடு விட்டேனா, பசி, ஒரு துண்டைத் தின்றும்விட்டேன். பெரியப்பா பார்த்ததும் முகம் வெளுத்து மிச்சத்தைப் பிடுங்கிக் கடலில் வீசினார், டேய் பாவி, வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடப் போகுதுடா என்றார். மத்தியானம் கரைக்கு வந்ததும் உன் செய்தி. அறிவுக்குத் தெரிகிறது, சீஸுக்கும் உன் கட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பயத்துக்கு அறிவு ஏது. அந்த ரொட்டியில் ஆரம்பித்த காரியம் எதுவும் நல்லபடியாக முடியாது என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் உனக்கு ஒரு செய்தி அடித்தேன். வேண்டாம் மகளே, கத்தி வேண்டாம், இருக்கிற குரல் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று. அமுக்கி அனுப்புவதற்குள் உன் அம்மா தோளுக்கு மேலாகப் படித்துவிட்டாள். அவள் கோபப்பட்டு நீ பார்த்திருக்க மாட்டாய், நானே இரண்டாவது தடவைதான் பார்க்கிறேன். சீஸ் தின்னது நீ, பயப்படறது நீ, பாடறது அவ, உன் பயத்தைக் கொண்டுபோய் அவ தொண்டையில ஏன் சொருகறே என்று கேட்டாள். கேட்டுவிட்டு உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள், ஒரு கிழங்கை உரித்து உரித்துக் கோலிக்குண்டு ஆக்கிவிட்டாள். அப்போதுதான் தெரிந்தது, இந்த வீட்டில் பயப்படுவது நான் ஒருத்தன் இல்லை.

அதனால் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், ஒரே தடவைதான் சொல்வேன், என் மனசு மாறுவதற்குள் படித்துவிடு. அறுத்துக்கொள். தேய்ந்து தேய்ந்து போகிற குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ காவல் காக்கிறதை நான் பார்க்க மாட்டேன். வேறே மாதிரிக் குரல் வந்தால் வேறே மாதிரிப் பாடு, குரலே வராவிட்டால் என்ன என்பது எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி யோருனைப் போல் உன் தோளைத் தட்டவும் மாட்டேன். அறுத்தாலும் யாரும் வர வேண்டாம் என்று நீ எழுதினதைப் படித்தோம், டிக்கெட் போட்டுவிட்டோம். உள்ளே வந்து தொந்தரவு பண்ண மாட்டேன், ஆஸ்பத்திரி நடையில் ஒரு நாற்காலி போதும். அந்த டாக்டர் காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறவரா என்று மட்டும் விசாரித்து வை, வெறும் வயிற்றுக்காரன் கை நடுங்கும். நீ கண் முழித்ததும் பேச முயற்சி பண்ணாதே, என்னைப் பார்த்ததும் ஏதாவது கிண்டலாகச் சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள், பலகையில் எழுது. வரைகிறவளுக்கு என்ன கஷ்டம், என்னை ஒரு மீன் தலையாக வரைந்து காட்டினாலும் புரிந்துகொள்வேன்.

ஆண்டவர் உன்னையும் உன் தொண்டையையும் அந்த டாக்டரின் வலது கையையும் காப்பாற்றட்டும். உன் அம்மா பின்னி அனுப்பின கம்பளி உள்சட்டையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போ, அங்கே எல்லாம் குளிரக் குளிரத்தான் வைத்திருப்பார்கள், அழகாக இல்லை என்று அலமாரியில் ஒளித்து வைக்காதே, வந்ததும் பார்ப்பேன்.

உன்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருக்கும்,
அப்பா ஹால்ஸ்டைன்

பி.கு. பேசாமல் இருப்பது உனக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நேற்று ஒரு நாள் நானும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு பண்ணினேன். காலையில் பெரியப்பா மீன்பிடித் துறையில் என்னைப் பார்த்தபடி கயிற்றை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து போனார். விளிம்புக்கு வந்துவிட்டார் என்று கையை ஆட்டினேன். அவரும் பதிலுக்குக் கையை ஆட்டினார். தண்ணீரிலிருந்து ஆளை எடுத்துவிட்டோம், தொப்பி கிடைக்கவில்லை.