மாமாவின் கேத்தலும் என் வலப்பக்கமும்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் கௌரிக்கு அப்பா எழுதுவது. அம்மா நல்ல சுகம், நானும் இப்போது சுகம், அந்த "இப்போது" ஏன் என்று கீழே வருகிறது. ரொறன்ரோக் குளிரில் நீயும் மருமகனும் குஞ்சும் நோய் நொடியில்லாமல் இருக்கவேண்டும் என்று அம்மா தினமும் பிள்ளையாரைக் கேட்கிறாள், நான் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கேட்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. எழுதியது ஒரு பக்கம், அதிலும் பாதி என்னை விசாரணை செய்வதாக இருக்கிறது. சிறீ மாமா பாராளுமன்றம் போகாததற்கு அப்பாவா காரணம் என்று கேட்டிருக்கிறாய். அம்மா போனில் அழுததை வைத்துத் தீர்ப்பு எழுதாதே. நடந்ததை முறையாக எழுதுகிறேன், மருமகனுக்கும் வாசித்துக் காட்டு.

என் வலப்பக்க ஹேர்னியா, அந்தக் குடலிறக்கம், உனக்குத் தெரியும். நீ போகும்போது தேசிக்காய் அளவில் இருந்தது பிறகு மாங்காய் அளவுக்கு வந்து, இருமினால் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கொழும்பில் வேறு சேர்ஜன் இல்லையா என்று மருமகன் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. உன் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி சத்திரசிகிச்சைப் பேராசிரியராக இருக்கும்போது நான் ஏன் முன்பின் தெரியாத ஒருவனுக்கு முன்னால் சாரத்தை அவிழ்க்க வேண்டும்? மாமாவே, "அத்தான், தை பிறக்கட்டும், நானே செய்துவிடுறன்" என்று வாக்குத் தந்திருந்தார். நானும் மருதானை நடைபாதையில் ஒரு பழைய சத்திரசிகிச்சைப் புத்தகம் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்துத் தயாராக இருந்தேன். தை பிறந்தது, கூடவே தேர்தலும் வந்தது.

அவர் நின்றதற்குக் காரணம் நல்ல காரணம், அதை நான் மறுக்கவில்லை. அவரிடம் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் இரண்டு பேரைக் கொட்டாஞ்சேனை அறையில் வைத்துப் பொலிஸ் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனது. மாமா பேராசிரியர் என்று அச்சடித்த தாளில் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போய் நிலையத்து வாங்குப் பலகையில் நாட்கணக்கில் இருந்தார். சார்ஜன்ட் தன் முழங்கால் வலிக்கு அவரிடம் மருந்து எழுதி வாங்கினாரே தவிரப் பெடியன்களை விடவில்லை. பிறகு யாரோ ஒரு எம்.பி. போன் எடுத்தார், அன்று பின்னேரமே விட்டுவிட்டார்கள். மாமாவுக்குச் சூடேறிவிட்டது. "நான் படிச்ச படிப்பு முழுக்க அந்த மனுசன்ரை ஒரு போனுக்குக் காணாது அத்தான். நானும் எலெக்‌ஷன் கேக்கப்போறன். வெண்டால் கத்தியைக் கீழை வைச்சிடுவன்" என்றார். கேளும், முதலில் என்னை வெட்டிவிட்டுக் கேளும் என்றேன். நேரமில்லை என்று லீவில் போய்விட்டார். எனக்குத் தந்த வாக்கு என்னாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

சுயேச்சைக் குழு. குத்துவிளக்குச் சின்னம் கேட்டார்கள், தேத்தண்ணிக் கேத்தல் கிடைத்தது. ஸ்ரீஸ்கந்தராசா என்ற பெயர் நோட்டீசின் அகலத்துக்குள் அடங்காமல் ராசா கீழே இறங்கிக் கேத்தலின் மூக்குக்குப் பக்கத்தில் நின்றார். கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "சேர், சண்டை எப்ப முடியும்?" என்று கேட்டார். வேறு ஆள் என்றால் சித்திரைக்குள் முடிப்பேன் என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்பார். உன் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இப்ப ஒண்டும் சொல்லேலாது. நல்லாப் பரவிட்டுது" என்றார். மண்டபம் செத்தவீடு மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கொட்டாஞ்சேனைச் சீனியம்மா தன் எக்ஸ்ரே படத்தோடு மேடையில் ஏறிவிட்டாள். மாமா அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், அவ்வளவுதான், கதவு வரைக்கும் கியூ நின்றது. அந்தத் தேர்தலில் அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கியூவில் எனக்குப் பின்னால் துணிக்கடை மர்ஸூக் நின்றார், அவருக்குப் பித்தப்பையில் கல். என் காதுக்குள் வந்து, "ஐயா, புரொபெஸர் தங்கமான மனுசன். ஆனா அவர் பாளிமெண்டுக்குப் போனா என்ட கல்ல யாரு எடுக்கிற?" என்றார். நான் நெடுநாளாக நினைத்திருந்ததுதான். இங்கே சின்னத்துக்கு ஒரு புள்ளடி, பிறகு அந்தக் குழுவில் நமக்குப் பிடித்தவரின் இலக்கத்துக்கு ஒரு புள்ளடி என்பது உனக்கு மறந்திருக்காது. நான் கேத்தலுக்குப் போட்டேன், அதில் துரோகம் இல்லை. இலக்கத்தை மட்டும் கடைசியில் நின்ற கிளறன்ஸுக்குக் கொடுத்தேன், கொச்சிக்கடையில் பென்சன் எடுத்த தபாலதிபர், பட்டியல் நிரம்புவதற்காகச் சேர்த்த ஆள். இதை நான் முன்கூட்டியே ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததாக அம்மா சொல்வது பொய். மாமாவின் கிளினிக்கில் என்னோடு வாங்கில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் சொன்னேன். அந்த வாங்கு கொஞ்சம் நீளம்.

கேத்தலுக்கு ஒரேயொரு ஆசனம் கிடைத்தது, அதில், இலக்கத்துக்குக் கூடுதலாகப் புள்ளடி விழுந்த கிளறன்ஸ் போய் இருந்தார். செய்தி கேட்ட அன்று அவர் மாமா வீட்டுக்கு ஓடிவந்து, "சேர், சத்தியமா நான் எனக்கே போடேல்லை" என்று அழுதாராம். ஆனால் தொலைந்த பார்சலுக்குப் பதில் சொல்லியே காலம் கழித்தவர் அல்லவா, இப்போது பொலிஸ் நிலையங்களில் போய் இருந்துகொண்டு, ஆளை எடுத்ததற்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறார், கையெழுத்து வாங்காமல் எழும்புவதில்லை. மாமா கடிதம் எழுதிக் கொடுக்கிறார், கிளறன்ஸ் போன் எடுக்கிறார். போன கிழமையும் ஒரு பெடியன் வெளியே வந்தான். அப்படியானால் நான் செய்ததில் என்ன பிழை? அம்மா இதைக் கேட்கத் தயாரில்லை. தம்பியின் கழுத்தை அறுத்தேன் என்று சீனி போடாத தேத்தண்ணி தருகிறாள். சீனியை நானே போட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் என்னை மேசையில் ஏற்றினார்கள். மாமா முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு வந்து குனிந்து, "அத்தான், என்ரை வாட்டிலை படுத்த சனம் முழுக்க எனக்குப் போட்டிருந்தால் நான் வெண்டிருப்பன். என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றார். கையில் கத்தி. முதல் வெட்டும், பிறகு கதைப்பம் என்றேன். கண் மட்டும் சிரித்தது. வெட்டு நல்ல வெட்டு, புத்தகத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது, தையலில் மட்டும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, அதை அவருக்குச் சொல்லிவிட்டேன்.

ஆனால் போன வெள்ளிக்கிழமை காயம் பார்க்க வந்தவர் இடப்பக்கத்திலும் ஒரு விரலை வைத்து இருமச் சொன்னார். இருமினேன். "இங்கையும் தொடங்கியிருக்கு அத்தான். அவசரமில்லை" என்று சொல்லிக் கையைக் கழுவினார். எப்போது செய்வீர் என்று கேட்டேன். துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, "அடுத்த எலெக்‌ஷன் முடியட்டும், றிசல்ட்டைப் பாத்திட்டுச் செய்வம்" என்றார். அம்மா அன்றைக்கு எனக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணி தந்தாள். மாமாவை அரசியல் தெரியாத மனிதன் என்று நான் சொல்லித் திரிந்தது தப்பு.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். குஞ்சோடு வீட்டில் தமிழில் கதையுங்கள். மறக்காமல் ஒன்று செய், சிறீ மாமாவுக்கு ஒரு நல்ல கடிதம் எழுதி, அப்பாவின் இடப்பக்கத்தை இந்த வருடமே செய்துவிடச் சொல்லு. நான் எழுதச் சொன்னதாக எழுதாதே.

இப்படிக்கு,
யாருக்காகவும் மாறாத உன் அப்பா,
இ. கனகசபாபதி