உழவனாகவே நின்றவருக்கு

அண்ணே,

நேற்று பள்ளி நாடகத்துக்காக மகளுக்கு ஒட்டுத்தாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். பசையின் வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. "வாட் ஹாப்பன்ட், அப்பா?" என்றாள். இதே பசையால் எனக்குத் தாடி ஒட்டி என்னை அரசனாக்கியவர் நீங்கள்.

ஜெர்சி சிட்டி உணவகத்தில் தோசைக்கல் முன்னால் நின்றவர் நீங்கள். கூட வேலை பார்த்தவர்களிடம் ஸ்பானிஷ் கற்று, நூலகத்தில் அகராதியோடு உட்கார்ந்து, நானூறு வருடப் பழைய ஸ்பானிய நாடகம் ஒன்றைத் தமிழாக்கினீர்கள். தங்கையை அவமதித்த பிரபுவுக்கு எதிராக ஓர் உழவன் அரசனிடம் நியாயம் கேட்கும் கதை. "அந்தக் காலத்து நாடகத்துல எவனாவது வீரமா நின்னா, கடைசில அவன் பெரிய வீட்டுப் பிள்ளைன்னு தெரியவரும், தம்பி. நிறைய அப்படித்தான். இதுல இவன் உழவனாவே நிக்கிறான். அதான் இதை எடுத்தேன்" என்பீர்கள். உழவன் வேடம் உங்களுக்கு.

மேடையேறும் நாள் மதியம் என் முதலாளி என்னைத் தனியே அழைத்தார். தமிழ்ச் சங்கத்துக்கு அரங்கை ஏற்பாடு செய்தவர் அவர். என் கிரீன் கார்டு விண்ணப்பமும் அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"ஒரு குக் பிரபுவை எதிர்த்துப் பேசறதை டாக்டர் ஃபேமிலியெல்லாம் உக்காந்து பாக்கணுமா? அந்த உழவன் நிஜமா ஒரு பிரபுவோட பையன்னு கடைசில ஒரு லைன் ஆட் பண்ணிடு. நீதானே ராஜா?"

"அண்ணன்கிட்ட கேக்கணும், சார்."

"அவரை எதுக்குக் கேக்கணும்? உன் பேப்பர்ஸை மண்டே சைன் பண்றேன்."

உங்களிடம் சொல்லவில்லை. ஒப்பனை அறையில் நீங்கள் என் தாடியை அழுத்திச் சரிசெய்தபோதும் சொல்லவில்லை.

கடைசிக் காட்சி. நீங்கள் மண்டியிட்டிருந்தீர்கள். முதல் வரிசையில் முதலாளி. "உழவனே, உன் வீரத்தின் காரணம் அறிந்தோம். நீ ஒரு பிரபுவின் மகன்" என்றேன். உங்கள் பார்வை என்னைவிட்டு நகரவில்லை. மெல்ல எழுந்தீர்கள்.

"அரசே, உங்களிடம் யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். என் அப்பா ஏர் பிடித்தவர். எனக்கு அவரே போதும்."

முதலாளி என்னையே முறைத்தார். கதையை உங்களிடம் கேட்டிருந்த சமையலறை நண்பர்கள், தமிழ் தெரியாதவர்கள், பின்வரிசையிலிருந்து கைதட்டத் தொடங்கினார்கள். எப்படியோ தீர்ப்பைச் சொல்லி முடித்தேன்.

திரை விழுந்ததும், "பேப்பர்ஸா?" என்று மட்டும் கேட்டீர்கள். தலையாட்டினேன். "சரி, வரட்டும். உனக்குக் குழந்தை இருக்கு." நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம், கார்டு வந்ததும் கேட்கலாம் என்றிருந்தேன். கார்டு வந்தது. கேட்பதற்குள் உங்களுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

அஞ்சலிக் கூட்டத்தில் முதலாளிதான் மைக்கைப் பிடித்தார். "அவர் சாதாரண குக் இல்ல. ஊர்ல பெரிய குடும்பம். அந்த ரத்தம்தான் அன்னைக்கு மேடையில பேசுச்சு" என்றார். பலர் ஆமோதித்தார்கள். உங்கள் மனைவி குனிந்திருந்தார். இன்னும் முதலாளியிடம்தான் எனக்கு வேலை. ஆனாலும் எழுந்துவிட்டேன்.

"இல்ல சார். அண்ணனோட அப்பா கல்லுடைச்சவர். அதை அண்ணன் மறைச்சதே இல்ல. மேடையில அந்தப் பொய்யைச் சொன்னது நான். சொல்லச் சொன்னது நீங்க."

மைக் இறங்கியது. உங்கள் மனைவி நிமிர்ந்து, "ஆமா, மாமனார் கல்லுதான் உடைச்சார்" என்றார்.

உங்களிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது, அண்ணே.