பவுசர்த் தண்ணீருக்கு ஒரு பச்சைப் புள்ளி

ஆவணி, செவ்வாய் இரவு

எங்கள் அலுவலகம் தண்ணீர் சோதித்துப் போட்ட கிணற்று வரைபடத்தில் பச்சைப் புள்ளி என்றால் குடிக்கலாம். முள்ளிக்குளம் பக்கத்தில் திரேசம்மா அக்காவின் கிணற்றுக்கும் பச்சைதான். அதைப் பார்த்து அந்த ஒழுங்கைக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த பவுசர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். இன்று நானே வாளியால் அள்ளி வாயில் வைத்தேன். கடல்தண்ணீர் மாதிரிக் கரித்தது.

"போன முறை சோதனைக்கு எந்தத் தண்ணி குடுத்தனீங்கள், அக்கா?"

"வந்த தம்பி கதிரையில இருந்துகொண்டே போத்தலைத் தந்தவர். வீட்டுக்கு வந்த ஆளுக்கு உப்புத் தண்ணியே குடுக்கிறது, பிள்ளை? பவுசர்த் தண்ணியிலதான் நிரப்பிக் குடுத்தனான்."

பவுசர்த் தண்ணீரைச் சோதித்துவிட்டு, பவுசர் தேவையில்லை என்று எழுதியிருக்கிறோம். வெட்கம் கெட்ட வேலை.

புள்ளியை மாற்றச் சொல்லி அங்கிருந்தே கந்தோருக்கு அழைத்தேன். "வரைபடம் கொழும்புக்குப் போயிட்டுது, மிஸ். அடுத்த வருசம் பாப்பம்" என்றார் மேலதிகாரி. அவர் குடிப்பது கடைப் போத்தல் தண்ணீர்.

புறப்படும்போது அக்கா தேத்தண்ணீர் தந்தார். அதில் உப்பு கொஞ்சமும் இல்லை. பவுசரும் இல்லாமல் அந்தத் தண்ணீரை இப்போது எங்கே போய்ச் சுமந்து வருகிறாரோ; ஒரு சொட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.