பிடிக்காதா, ஒத்துக்காதா?

என் பிரியமுள்ள என்னங்க,

கவிதா நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். இரண்டு வரி எழுதுவதும், எழுந்து போய் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பதுமாக இருக்கிறேன்.

நம் மகள் இப்போது பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் இன்ஜினியர். அங்கே மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு பெண் அவளுக்குச் சிநேகிதி. அவள் சொல்லிக் கொடுத்த டாக்கோ என்ற மடித்த ரொட்டியை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்யப் போகிறேன் என்றாள் கவிதா. ஸ்டேக் என்ற தடித்த மாட்டிறைச்சித் துண்டும் இறாலும் வைத்துச் செய்ய வேண்டுமாம். மாட்டிறைச்சி நம் அடுப்பில் ஏறாது என்று அவளுக்குத் தெரியும். ஆட்டிறைச்சியைத் தடிமனாக வெட்டி வாங்கி வந்தாள். இறால் பாலிக் புலாவிலிருந்து வந்தது.

இன்று காலையிலிருந்து ஒரே சிரிப்புதான். சோள மாவு ரொட்டி என் கையில் உடைந்து உடைந்து போனது. அவள் இறைச்சியை இரும்புச் சட்டியில் சுட்டு, ஆறவிட்டு, மெல்லிசாக நறுக்கினாள். இறாலைப் பூண்டிலும் மிளகாய்த்தூளிலும் புரட்டி வதக்கினாள். மேலே வெங்காயம், மல்லித்தழை, எலுமிச்சைச் சாறு. எனக்கு இறைச்சி வைத்து மடித்துக் கொடுத்துவிட்டு, அவள் இறாலை எடுத்துக்கொண்டாள்.

நம் வீட்டில் இறால் சமைத்ததே குறைவுதானே? உங்களுக்குப் பிடிக்காது என்று நான் வாங்குவதையே விட்டிருந்தேன். எங்கேயாவது விருந்தில் தட்டில் விழுந்தால், வாய் அரிக்கிறது என்று என் பக்கம் தள்ளிவிடுவீர்கள். நான் சந்தோஷமாகத் தின்பேன்.

இரண்டாவது டாக்கோவைப் பாதியில் வைத்துவிட்டாள்.

"ம்மா, தொண்டை ஒரு மாதிரி இருக்கு."

காரம் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் உதடு வீங்கியிருந்தது. கண் இடுங்கிவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மூச்சு மட்டும் விசில் மாதிரி கேட்டது. எப்படி வெளியே ஓடினேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டு காசிம் அண்ணன் கார் கழுவிக்கொண்டிருந்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. அவளைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டு, ஈரக் காரை அப்படியே மருத்துவமனைக்கு ஓட்டினார்.

தொடையில் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு மூச்சு வந்தது. எனக்கும்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண், சின்ன வயது. இது இறால் அலர்ஜி என்றாள், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டாள். அப்பாவுக்கு இறால் பிடிக்காது என்றேன்.

"பிடிக்காதா, ஒத்துக்காதா ஆன்ட்டி?"

வாய் அரிக்கிறது என்பார் என்றேன். அப்பா எப்படித் தவறினார் என்று அடுத்துக் கேட்டாள். ஹார்ட் அட்டாக் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நாள் ஞாபகம் வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தேவா தம்பியின் புது வீட்டு விருந்துக்கு நீங்கள் மட்டும் போய் வந்து படுத்தீர்களே, அன்றைக்கு நீங்களும் இதைத்தானே சொன்னீர்கள்? தொண்டை ஒரு மாதிரி இருக்கிறது, ராஜி என்று. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். மருத்துவமனைக்குப் போவதற்குள் நீங்கள் இல்லை. ஐம்பது தாண்டிய ஆம்பிளை, திடீரென்று விழுந்தார், இதயம்தான் என்றார்கள். எல்லாரும் தலையாட்டினோம். என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதயமாகவும் இருக்கலாம், இனிமேல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். வீட்டுக்கு வந்ததும் மனம் கேட்காமல் தேவா தம்பிக்குப் போன் போட்டேன். அன்றைக்கு மேசையில் இறால் இருந்ததா என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்ல அண்ணி. அண்ணன் நல்லா சாப்பிட்டாரு. அது மட்டும்தான் தெரியும்."

அழுதுவிட்டார், பாவம். அவரை இனி ஒன்றும் கேட்க மாட்டேன். உங்களைத்தான் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருந்ததா? ஏதோ குழம்பில் கலந்திருந்து, தெரியாமல் சாப்பிட்டீர்களா? இல்லை, நிஜமாகவே இதயம்தானா?

நீங்கள் சொல்லப் போவதில்லை. ஆனால் கவிதாவுக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊசி ஒன்று அவள் பையிலும், இன்னொன்று என் பையிலும் இருக்கிறது. எப்படிக் குத்துவது என்று நர்ஸிடம் கற்றுக்கொண்டேன். அவள் எழுந்ததும் உங்கள் கதையையும் சொல்லிவிடுவேன். இந்த ஒரு பிள்ளையை உங்களிடம் அனுப்ப மாட்டேன், என்னங்க. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மனைவி, கவிதாவின் அம்மா,
ராஜி
ஜார்ஜ் டவுன், பினாங்கு