நான் கையசைத்த அன்று

அன்பு மருமகனே,

நம் ஐஸ் ஹாக்கி கிளப்புக்கு எழுபத்தைந்து வயது. அதன் வரலாறு எழுத, ஸ்வீடன் முழுக்கச் சல்லடை போட்டு என்னைப் பிடித்தார்கள்!

நாம் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய ஆட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. "கண்ணை வீட்டுல வெச்சுட்டு வந்தியாடா?" என்று கோல்கீப்பரான உன்னை அரங்கமே கிழித்தது. மறுவாரமே ஊரைவிட்டுப் போனாய்.

அன்று இடைவேளையில் பனித்தளத்தை நீர்விட்டு மெழுகும் வண்டியை ஓட்டியவன் நான். உன் கோல் முன்னே நிறுத்தி, மகாராஜாபோல் கூட்டத்துக்குக் கையசைத்தேன். வண்டியிலிருந்து சொட்டிய நீர் மேடாக உறைந்தது. எதிரணி அடித்த ரப்பர் வட்டு அதில் பட்டுத்தான் எகிறி உன் வலைக்குள் போனது. பார்த்தேன், இருபது வருடம் வாய் திறக்கவில்லை.

இப்போது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். கிளப் தலைவி ரக்னில்ட் விழுந்து விழுந்து சிரித்தாள். "மருமகனுக்காக என்னமா புளுகுறீங்க!" என்று அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டாள்.

நீயாவது நம்பு.

உன் புளுகு மாமா