அரிசி டின்னுக்குள் போன பட்டியல்

12 மார்ச் 1979
கொடைக்கானல்

இவ்வளவு நேரம் கழித்து விளக்கைப் போட்டு எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். என் நாட்குறிப்புதான்; ஆனாலும் இன்று உங்களிடம்தான் பேச வருகிறது.

இன்று நீங்கள் மட்டும் முதலில் சாமான்களோடு லாரியில் ஏறும்போது, "பூடான் எல்லையில காட்டணுமே, சாமான் லிஸ்ட்டை வச்சியா?" என்று கேட்டீர்கள். "உங்க தோள்பையிலதான் இருக்கு" என்றேன். இல்லை. பாப்பா கிழிக்கப் போனாள் என்று அதை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டிருந்தேன். லாரி மலையிறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. டின்னை உங்கள் அம்மாதான் ஏற்றினார்கள். "ஏ புள்ள, புது வீட்டுக்குள்ள அரிசியும் உப்பும்தான் மொதல்ல போகணும். கடைசியா ஏத்துனாத்தான் மொதல்ல எறங்கும். வெரசா குடு!" என்று என்னை அவசரப்படுத்தினார்கள்.

லாரிக்காரரின் ஒட்டன்சத்திரம் மண்டிக்கு டிரங்க் கால் போட்டேன். "அப்பவே கெளம்பிருச்சும்மா. சாரு டிரைவர் பக்கத்துல ஜம்முனு உக்காந்து போறாரு" என்று சிரித்தார் கணக்குப்பிள்ளை.

பட்டியல் இல்லாவிட்டால் எல்லையில் மறித்துவிடுவார்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? சொன்ன தேதிக்குள் பூடான் பள்ளிக்கூடத்தில் சேராவிட்டால் அந்த வாத்தியார் வேலை... தாள் உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியாது.

காலையில் எல்லை ஊர் லாரி ஆபீசுக்குத் தந்தி கொடுப்பேன். கிடைத்ததும் டின்னைத் திறந்து பாருங்கள். பார்த்தவுடன் ஒரே ஒரு வரி பதில் போடுங்கள்.